மாட்டுக் கொட்டாய் என்று எழுதப்பட்ட சந்து

எங்கள் ஊரில் எல்லாத் தெருவுக்கும் சிமெண்ட் ரோடு வந்தது. எங்கள் சந்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் கேட்கப் போகவில்லை.

ஊர் ஆந்திராவில் நகரிப் பக்கம். சித்தூருக்கும் பஸ் உண்டு, திருப்பதிக்கும் பஸ் உண்டு. பேர் எதற்கு. முன்னே பஞ்சாயத்து, பிறகு முனிசிபாலிட்டி ஆனது. சந்து பஜார் ரோட்டில் தொடங்கி ஏரிக் கால்வாய் வரைக்கும் இறங்கும். மேல் பாதி கல்லும் மண்ணும். கீழ்ப் பாதி களிமண். களிமண் முடிகிற இடத்தில் என் வீடு. வழியில் ரெண்டு பக்கமும் தறிக் கொட்டாய்கள். முன்னால் மிஷின் தறி ஓடும். பின்னால் ஒரு தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் குடும்பம். தறிக்காரர்களுக்கு நடுவில் நான் ஒருத்தன் பால் வியாபாரம். அப்போது ரெண்டு மாடு வைத்திருந்தேன். இப்போது ஒன்று.

முனிசிபாலிட்டி ஆனதும் வீடுகளை அளந்து வரி போட ஆள் வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. தறி ஓடினால் கமர்ஷியல் என்று எழுதுவார்கள், வீட்டு வரியைப் போல பல மடங்கு வரும் என்றார்கள். சந்தில் ரெண்டு நாள் அதே பேச்சு. என் வீட்டுக்கு அடுத்த கொட்டாய்க்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, பழக்கம். அவர் காலையில் வந்தார்.

"மாப்ளே, உன் மாட்ட கொஞ்சம் குடு."

"எதுக்கு மாமா?"

"கட்டறதுக்கு."

"எங்க?"

"தறிக் கொட்டால."

கொடுத்தேன். தறி மேல் தார்ப்பாயைப் போட்டு அதன் மேல் வைக்கோலைப் பரப்பினார்கள். முன்னால் மாட்டைக் கட்டினார்கள். பில் கலெக்டர் டேப்போடு வந்தார். வயசான மனிதர், தெலுங்குக்காரர். எட்டிப் பார்த்து மாட்டுக் கொட்டாய் என்று எழுதினார். அவர் வெளியே வருவதற்குள் பின்பக்கமாக மாட்டை அவிழ்த்து அடுத்த கொட்டாயில் கட்டினார்கள். அங்கேயும் எழுதினார். அதற்கு அடுத்ததிலும் எழுதினார். பாதி சந்து வந்ததும் நின்று மாட்டின் முகத்தையே பார்த்தார்.

"ஈ ஆவுனி நேனு எக்கடோ சூசினானே" என்றார். இந்த மாட்டை எங்கேயோ பார்த்திருக்கேனே என்று.

"நீங்க பார்த்தது அக்கா சார்" என்றார் மாமா. "இது தங்கச்சி."

பில் கலெக்டர் சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். மோர் கொடுத்தோம். குடித்துவிட்டு மீதி சந்தையும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். வெயில் அதிகம் அன்றைக்கு.

என் வீடு ஓட்டு வீடு. நைனா காலத்திலேயே பஞ்சாயத்தில் பதிந்தது. அதை மாற்ற முடியாது. அதனால் அது மட்டும் வீடு என்று போனது. மாடு வைத்திருக்கிறவனுக்கு வீடு, தறி வைத்திருக்கிறவர்களுக்கு மாட்டுக் கொட்டாய். என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "மாட்டுக்கு வாடகை கேளுய்யா. காலைலேர்ந்து டூட்டி பாத்து கீது."

பிறகு வருஷங்கள் போயின. பக்கத்துத் தெருவுக்கு ரோடு வந்தது. அதற்குப் பக்கத்துக்கும் வந்தது. சைடு கால்வாய் கட்டினார்கள். விளக்குப் போட்டார்கள். எங்கள் சந்து அப்படியே இருந்தது. மழையில் சேறு, வெயிலில் புழுதி. பழகிப் போயிற்று.

என் வீட்டுக்காரிக்குக் கிட்னி கெட்டது. வாரத்துக்கு ரெண்டு தரம் திருப்பதியில் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சர்க்கார் மருத்துவக் கார்டு இருக்கிறது, செலவு இல்லை. போக வருகிறதுதான் பாடு. போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது காலில் பலம் இருக்காது. இடது கையில் நரம்பைச் சேர்த்து ஆபரேஷன் செய்திருந்தார்கள், ஊசி குத்துவதற்கு. அந்தக் கையில் அடிபட்டால் மிஷின் போட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவள் விழக்கூடாது. எங்களுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பஜார் முனை வரைக்கும் வரும். வெயில் நாளில் வீடு வரைக்கும் இறங்கும். மழை என்றால் இறங்காது. "எறங்கினா ஏற முடியாதுண்ணா" என்பான் ஆட்டோக்காரன். உண்மைதான். அப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் மாமாவும் தூக்கிக்கொண்டு வருவோம்.

ஒரு நாள் களிமண்ணில் எனக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது. அவள் சேற்றில் விழுந்தாள். விழும்போதே இடது கையை மேலே தூக்கிக்கொண்டாள். உடம்பு முழுக்கச் சேறு. கை மட்டும் சுத்தம்.

"பாத்தியா, ஓட்டு போடறவ மாதிரி தூக்கிக்கினேன்" என்றாள்.

மாமா சிரித்தார். வீட்டுக்குப் போனதும் நான் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். ஆபரேஷன் செய்த இடத்தில் தொட்டால் உள்ளே வண்டி ஓடுகிற மாதிரி அதிர்வு இருக்கும். இருந்தது.

அடுத்த நாள் சந்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு வசூல் செய்து கிராவல் மண் ஒரு லோடு கொட்டினார்கள். நான் கேட்கவில்லை. அவர்களே செய்தார்கள். நல்ல ஜனங்கள். ஐப்பசிப் புயல் மழையில் கிராவல் முழுவதும் கால்வாய்க்குள் போய்விட்டது. மறுபடியும் வசூல் செய்து கொட்டினார்கள். அதுவும் போயிற்று.

பிறகு நான் வார்டு ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கம் சச்சிவாலயம் என்பார்கள். ரோடு, விளக்கு எல்லாம் பார்க்கிற இஞ்சினியர் ஒரு சின்ன வயசுப் பெண். திருப்பதியிலிருந்து தினமும் வந்து போகிறவள். உட்காரச் சொன்னாள். சந்து எது என்று கேட்டு கம்ப்யூட்டரில் தட்டினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"மீ சந்துலோ ஒகே இல்லு உந்தி பெத்தாயனா. ஒரே வூடு பெரியவரே. அது உங்க வூடு. மீதி எல்லாம் மாட்டுக் கொட்டாய்."

அவள் கம்ப்யூட்டரை இன்னொரு தரம் பார்த்தாள்.

"அவ்ளோ மாடா இருக்கு அங்க?"

"ஒண்ணு இருக்கு மேடம்."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். முனிசிபாலிட்டிக்கு வீட்டு வரி, தண்ணீர் வரி, சந்தையில் வசூலிக்கிற ஆசீலு, கடை வாடகை, இவைதான் சொந்தப் பணம். அதிலிருந்து துப்புரவு ஆட்களுக்குச் சம்பளம், தண்ணீர் மோட்டாருக்குக் கரண்ட், தெரு விளக்குக்குக் கரண்ட் எல்லாம் போக வேண்டும். மிச்சம் இருந்தால் ரோடு. மேலே இருந்தும் பணம் வரும். ஆனால் அது வரும்போதே இன்னதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு வரும். வேறு எதற்கும் தொட முடியாது.

"உங்க சந்துலேர்ந்து வர்ற வரி ஒரு லைட்டு எரியறதுக்கே பத்தாது. மாட்டுக் கொட்டாய்க்கு சிமெண்ட் ரோடு வேணும்னு நான் எஸ்டிமேட் போட்டா, மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க."

"திருப்பதில எல்லா சந்துலயும் ரோடு கீதே மேடம். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பாக்கறேன்."

"அங்க ஊர்க்காரங்க மட்டுமா கட்டறாங்க? லாட்ஜு, ஓட்டல், கடைன்னு எவ்ளோ இருக்கு. சாமி பாக்க வர்றவங்க காசு சுத்தி அங்கதான் விழுது. உங்க ஊருக்கு யாரு வரா?"

"சொந்தக்காரங்க வருவாங்க."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு வழியைச் சொன்னாள். கொட்டாய்க்காரர்கள் தாங்களே வந்து இது வீடு, இது தறி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு என்று ஆனால் சந்து தெரு ஆகிவிடும். தெரு ஆனால் லிஸ்டில் ஏற்றலாம்.

"பழைய வரி எல்லாம் தோண்டுவாங்களா?"

"அது என் கையில இல்ல. நீங்களா வந்து சொன்னா ஒரு மாதிரி. நாங்களா வந்து புடிச்சா வேற மாதிரி. அவ்ளோதான் சொல்வேன்."

வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் தன் கொட்டாயில் எல்லோரையும் கூப்பிட்டார். தறியை நிறுத்திவிட்டுப் பேசினார்கள். பஜார் முனையில் இருக்கும் கொட்டாய்க்காரர்தான் முதலில் எழுந்தார். அவருக்கு ஆட்டோ வாசலிலேயே வந்து நிற்கும். நூல் மூட்டையும் வாசலிலேயே இறங்கும்.

"இன்னிக்கு வூடுன்னு எழுதுவான். நாளைக்குத் தறி எத்தினின்னு எண்ணுவான். கமர்ஷியல் போட்டா யாரு கட்டறது?"

மாமா கேட்டார். "கிராவலுக்குக் குடுத்தியே, அது இன்னா வரி?"

"அது நானா குடுத்தது."

"எங்க குடுத்த? கால்வாய்க்குக் குடுத்த. இப்ப கால்வாய்லதான் கீது. போய் மீனுங்கள கேளு, ரோடு நல்லா கீதான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் சந்தில் ஒரு பழக்கம். எல்லோரும் செய்தால் செய்வார்கள். முதல் ஆள் யாரும் ஆகமாட்டார்கள். மாமாகூட அப்படித்தான். "முனைக்காரர் எழுதினா நானும் எழுதறேன்" என்றார். கூட்டம் கலைந்தது. தறி ஓட ஆரம்பித்தது.

என்னைப் பார்த்து ஒருத்தர் கேட்டார், "வூட்டுக்காரிக்காக நீ ஒரு வார்த்தை எங்கள கேக்க மாட்டியா?" நான் மாட்டேன் என்றேன். எனக்குக் கேட்டு வாங்கிப் பழக்கம் இல்லை.

வீட்டில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். "முனைக்காரரா?" என்றாள்.

அடுத்த தடவை திருப்பதியிலிருந்து வந்தோம். நல்ல மழை. ஆட்டோ பஜார் முனையில் நின்றது. நாற்காலி எடுத்து வரப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் அவள் ஆட்டோவைவிட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு முனைக் கொட்டாய்க்குள் போய் நூல் மூட்டை மேல் சாய்ந்திருந்தாள். முனைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி இது?"

"மாட்டுக் கொட்டாதானே. சர்க்காருல எழுதி கீது. மாடு இருக்கற எடத்துல மனுஷி இருந்தா இன்னா?"

"ஐயோ, வெளையாடாத அண்ணி. மழை நிக்கட்டும், தூக்கிக்கினு போய் வுடறோம்."

"வேணாம். ஒரு தபா தூக்கிக்கினு போய் சேத்துல போட்டாங்க. இந்தக் கையி போச்சின்னா நான் போச்சி. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் இங்கயே கீறேன். ஆட்டோக்கும் கிட்ட."

"தண்ணியாவது குடி."

"தண்ணி எனக்கு அளவு. புண்ணாக்கு இருந்தா குடு."

முனைக்காரர் சம்சாரம் பின்பக்கத்திலிருந்து வந்து பாய் போட்டாள். தலையணை கொடுத்தாள். புடவை மாற்றிக்கொடுத்தாள்.

நான் வீட்டுக்கு வா என்றேன்.

"நீ போய் மாட்ட பாருய்யா. கறக்கற நேரம்."

போய்க் கறந்தேன். பிறகு உப்பில்லாத சோறு எடுத்துக்கொண்டு வந்தேன். உட்கார்ந்து சாப்பிட்டாள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டு படுத்தாள். அதைப் பார்த்து முனைக்காரர் சம்சாரம் தறியை நிறுத்திவிட்டாள். அவர் ஓட்டினார். அவள் மறுபடியும் நிறுத்தினாள்.

மறுநாளும் தறி ஓடவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒடம்பு சரியில்லாதவள வெச்சிக்கினு எப்பிடி ஓட்டறது? போய் எழுதிக் குடுத்துட்டு வாய்யா."

"வரி?"

"தறி நிக்கிதே, அது வரி இல்லியா?"

முனைக்காரர் சட்டையைப் போட்டார். என்னைப் பார்த்தார். "உன் ஊட்டுக்காரி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார். மழையிலேயே போனார். அவர் போகிறதை மாமா பார்த்தார். அவரும் குடையை எடுத்தார். பிறகு சந்து முழுக்க ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரெண்டு பேர் மட்டும் கடைசி வரைக்கும் போகவில்லை. அளக்க வந்தபோது அவர்களையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள்.

இந்தத் தடவை அளக்க வந்தவன் சின்ன வயசு. டேப் இல்லை, செல்போனில் போட்டோ எடுத்தான். தறி ஓடுகிற இடத்துக்கு ஒரு விதமாகவும் குடியிருக்கிற இடத்துக்கு வேறு விதமாகவும் வரி போட்டார்கள். பயந்த அளவுக்கு இல்லை. லேசு என்றும் சொல்ல முடியாது. பழையதும் கொஞ்சம் கேட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள்.

முதலில் வந்தது ரோடு இல்லை. குப்பை வண்டி. காலையில் விசில் ஊதிக்கொண்டு வந்தது. அவ்வளவு காலம் குப்பையைக் கால்வாயில் கொட்டியவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு கம்பத்தில் விளக்கு வந்தது. ரோடு மட்டும் வரவில்லை. இஞ்சினியர் மேடத்தைப் பார்க்கும்போதெல்லாம் "லிஸ்டுல இருக்கு பெத்தாயனா" என்பாள். நான் சரி என்பேன். மழைக்காலம் வந்தது. நாற்காலியில்தான் தூக்கினோம். மாமாவோடு முனைக்காரரும் வருவார். மூன்று பேர் தூக்கினால் சாயாது.

ஒரு நாள் மேடமே வந்தாள். களிமண் தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பணம் வந்துவிட்டது, ஆனால் பாதி சந்துக்குத்தான் வந்திருக்கிறது என்றாள். மீதி அடுத்த வருஷம் வரி வசூலைப் பார்த்துத்தான். பஜார் முனையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம் என்றாள்.

சந்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பாதி என்றால் களிமண் தொடங்கும் இடத்தோடு நின்றுவிடும். நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். நாற்காலி இருக்கும். தூரம் குறையும்.

மாமா சொன்னார், "மேடம், கீழேருந்து போடுங்க."

"எதுக்கு?"

"முன்பக்கம் போட்டுட்டா பஜார்லேர்ந்து பாக்கறவனுக்கு ரோடு போட்டாச்சுன்னு தோணும். மீதிய எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். கீழ போட்டா, முனையில அசிங்கமா தெரியும். போறவன் வர்றவன் எல்லாம் கேப்பான், இன்னாடா இதுன்னு. அந்த வெக்கத்துக்காகவாவது மீதிய போட்டுடுவாங்க."

மேடம் யோசித்தாள். "களிமண்ணுலதான் தண்ணியும் நிக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

எல்லோரும் முனைக்காரரைப் பார்த்தார்கள். அவர் வாசல்தான் அப்படியே கிடக்கப் போகிறது.

"நான் மொதல்ல எழுதிக் குடுத்தவன்" என்றார். "என் வரியில கீழ ரோடா?"

என் வீட்டுக்காரி எங்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

"போடுங்க மேடம். இல்லன்னா மறுபடியும் அண்ணி வந்து என் கொட்டால படுத்துக்கும். தறி ஓடாது."

கீழேயிருந்து போட்டார்கள். ஜல்லி கலக்கும் மிஷின் இறங்க முடியாமல் மேலேயே நின்றது. கலவையைச் சட்டியில் எடுத்துக்கொண்டு வந்து கொட்டினார்கள். வைக்கோலை என்னிடம்தான் வாங்கிப் பரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். ரோடு காய்கிற வரைக்கும் அவள் முனைக் கொட்டாயில் தங்கினாள். இந்தத் தடவை அவர்களே கூப்பிட்டார்கள். தறி ஓடியது. காதுக்குப் பஞ்சு கொடுத்திருந்தார்கள்.

காய்ந்த பிறகு முதல் தடவை ஆட்டோ வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. மேல் பாதியில் கல்லில் ஏறி இறங்கிக் குலுங்கியது. அவள் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சிமெண்ட் தொடங்கியதும் குலுக்கல் நின்றது. ஆட்டோ வீட்டு வாசலில் போய் நின்றது. ஆட்டோக்காரன் திருப்புவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தானே இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வாசலைப் பார்த்தாள். ரோடு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்துவிட்டது. தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும் என்று அப்படிப் போட்டிருந்தார்கள். எங்கள் வாசல் கீழே போய்விட்டது.

"வூடு பள்ளத்துல பூட்ச்சேய்யா" என்றாள். "எப்பிடி எறங்கறது?"

அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டேன். மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. உருட்டிக்கொண்டு வந்து வாசலில் போட்டேன். அவள் ஒரு கால் வைத்தாள். கல் ஆடியது. காலை எடுத்துக்கொண்டாள். அடியில் மண் அடைத்து, நான் ஏறி நின்று மிதித்துப் பார்த்தேன். பிறகு அவளைக் கால் வைக்கச் சொன்னேன். ஆடவில்லை. இறங்கி உள்ளே போனாள்.